பெரிய தோட்டாவா, சிறிய தோட்டாவா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கரமனையில் நமது சங்கத்து அன்பர் ஒருவர் இல்லத்துத் திண்ணையில் ஒரு விவாதம் மூண்டது. விவாதித்தவர் இருவர். ஒருவர் அவ்வீட்டுப் பெரியவர். மதராஸ் ரெஜிமெண்டில் பணியாற்றி, 1971ஆம் ஆண்டு யுத்தத்தில் மேற்கு எல்லையில் நின்று திரும்பியவர். மற்றவர் அவருடைய பேரன். காலாட்படையில் சேர்ந்து, லடாக்கிலிருந்து விடுமுறையில் வந்திருந்த வாலிபர். படைக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டுள்ள துப்பாக்கியைப் பற்றியே பேச்சு. பழைய இன்சாஸ் துப்பாக்கியைக் காட்டிலும் இதன் குழல் பெரிது, தோட்டாவும் பெரிது.

"நாங்கள் வைத்திருந்த அளவுக்கே திரும்பி வந்துவிட்டார்கள். இடையில் இத்தனை வருஷம் அந்தச் சின்னத் தோட்டாவைக் கட்டிக்கொண்டு அழுவானேன்?" என்றார் பெரியவர்.

"தாத்தா, நீங்கள் சுமந்த பாரத்தை இப்போது நான் சுமக்கிறேன். அதையும் நினைத்துப் பாருங்கள்" என்றான் பேரன்.

காப்பி கொண்டு வந்த அவ்வாலிபனின் தாயார் இருவர் பேச்சையும் கேட்டுவிட்டு நம் பக்கம் திரும்பினார். "அண்ணா, நீங்கள் மாசிகையில் எழுதுகிறவராயிற்றே. எந்தத் துப்பாக்கி கையில் இருந்தால் பிள்ளை நல்லபடியாகத் திரும்பி வருவான்? அதை மட்டும் சொல்லுங்கள்" என்றார்.

நாம் வாயடைத்துப் போனோம். நாம் ஒரு ரயில்வே குமாஸ்தா. துப்பாக்கியைப் பிளாட்பாரத்தில் பாதுகாப்புப் படையினர் தோளில் கண்டதன்றித் தொட்டறியோம். ஆயினும் அந்தக் கேள்வி நம்மை விடவில்லை. கிடைத்த நூல்களைப் படித்தும், பெரியவரைப் பன்முறை தொந்தரவு செய்தும் அறிந்தவற்றை இங்கே எழுதுகின்றோம். நம் குடும்பங்களில் பாங்கோட்டு ராணுவ முகாமின் வாசலை ஆவலுடன் பார்த்து நிற்கும் பிள்ளைகள் பலர் உளர். அவர்தம் பெற்றோருக்கு இது பயன்படக்கூடும்.

துப்பாக்கிக் குழலின் உட்புற அகலத்தையே காலிபர் என்பர். நாம் விட்டம் என்போம். பழைய 303 துப்பாக்கி என்றால் ஓர் அங்குலத்தை ஆயிரம் கூறாக்கி அதில் 303 கூறு விட்டமுடையது என்று பொருள். மில்லிமீட்டர்க் கணக்கில் 7.7. தோட்டா என்பது பித்தளைக் கூடும், அதனுள் வெடிமருந்தும், முனையில் குண்டும் சேர்ந்த முழு உருப்படி. பறந்து செல்வது குண்டு மாத்திரமே.

இங்கே புதியவர்கள் வழுக்கி விழும் ஓரிடம் உண்டு. விட்டம் பெரிதானால் வலிமையும் பெரிது என்று எண்ணிவிடுகின்றனர். நம் நகரிலேயே வட்டியூர்க்காவில், 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைந்த சுடுதளம் இருக்கின்றது. விளையாட்டு வீரர்கள் இலக்கைச் சுடும் 22 எனும் சிறு ரைபிளின் விட்டமும், படைவீரனின் இன்சாஸ் துப்பாக்கியின் விட்டமும் ஏறக்குறைய ஒன்றே, 5.6 மில்லிமீட்டர் அளவு. ஆனால் பின்னதன் குண்டு கொண்டு செல்லும் ஆற்றல் முன்னதைப் போலப் பத்து மடங்கு. வாய் ஒன்றாயினும் வயிறு வேறு. கூட்டின் நீளமும் அதில் அடைத்த மருந்தின் அளவுமே அவ்வேறுபாட்டைச் செய்கின்றன. ஆகவேதான் ராணுவத்தார் தோட்டாவை இரண்டு எண்களால் குறிக்கின்றனர். 7.62 × 39 என்றால் விட்டம் 7.62, கூட்டின் நீளம் 39 மில்லிமீட்டர். 7.62 × 51 என்றால் விட்டம் அதுவே, கூடு நீண்டது.

நம் படையின் கதையில் வரும் தோட்டாக்கள் இந்த இரண்டும், 5.56 × 45 என்பதும் ஆக மூன்று. 5.56இன் குண்டு ஏறத்தாழ 4 கிராம். வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குழலை விட்டுப் புறப்படுகின்றது. 7.62 × 39இன் குண்டு 8 கிராம். வேகம் 700 மீட்டருக்குச் சற்று மேல். 7.62 × 51இன் குண்டு ஒன்பதரை கிராம்; வேகம் 840 மீட்டர். புறப்படும்போது முதலாவதன் ஆற்றல் 1,700 ஜூல் அளவு; இரண்டாவது 2,000; மூன்றாவது 3,300. இதுவரை கேட்டால் மூன்றாவதே சிறந்தது என்று யாரும் சொல்லிவிடுவர். பெரியவரும் அதைத்தான் சொன்னார்.

ஆனால் நாம் பார்சல் அலுவலகத்தில் சில ஆண்டுகள் தராசோடு உறவாடியவர்கள். எடையைக் கேளாமல் எந்தச் சரக்கையும் ஏற்கும் வழக்கம் நமக்கில்லை. முழுத் தோட்டா ஒன்றின் எடை, 5.56க்குச் சுமார் 12 கிராம், 7.62 × 39க்குப் பதினாறரை, 7.62 × 51க்கு 24. ஒரு வீரனுக்குத் தோட்டாவுக்கென்று ஐந்து கிலோ ஒதுக்கினால், சிறியதில் நானூறுக்கு மேல் எடுத்துச் செல்லலாம். பெரியதில் இருநூற்றுச் சொச்சமே. துப்பாக்கிகள் எல்லாம் ஏறக்குறைய நாலு கிலோதான், எஸ்.எல்.ஆரோ, இன்சாஸோ, இன்றைய புதியதோ, அதில் பெரிய பேதமில்லை. பேதம் இடுப்பிலும் மார்பிலும் கட்டிக்கொள்ளும் தோட்டாவில் இருக்கின்றது. இதற்குமேல் பின்னுதைப்பு வேறு. பெரிய தோட்டா தோளில் கொடுக்கும் உதை சிறியதைப் போல இரு மடங்குக்கும் அதிகம். உதை மிகுந்தால் இரண்டாவது குண்டை அதே இடத்தில் போடுவது கடினமாகின்றது.

இந்தத் தராசின் இரண்டு தட்டுகளுக்கும் இடையிலேதான் உலகத்துச் சேனைகள் எல்லாம் முந்நூறு ஆண்டுகளாக ஆடிவந்திருக்கின்றன. நம் அண்டையிலேயே அதற்குச் சான்று உண்டு. 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை மார்த்தாண்டவர்மர் வென்றார். சிறைப்பட்ட டிலனாய் பின்னர் திருவிதாங்கூர்ப் படையைப் பயிற்றுவித்தார்; தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில் பீரங்கி வார்க்கும் பட்டறையும் நடந்தது. 1777இல் அவர் இறந்தபின் அமைத்த கல்லறையில் இலத்தீனோடு தமிழும் பொறித்திருப்பதை நாகர்கோவில் போகும் அன்பர்கள் வழியில் இறங்கிக் காணலாம். அந்தக் காலத்துக் காலாட்படைத் துப்பாக்கிகளின் விட்டம் முக்கால் அங்குலத்தை ஒட்டியிருந்தது, 19 மில்லிமீட்டர். 1857இல் சிப்பாய்களின் மனத்தைக் கொதிக்கச் செய்த கொழுப்புத் தோட்டா 577 எனும் என்ஃபீல்டு துப்பாக்கிக்குரியது. பதினாலரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். 1871இல் வந்த மார்ட்டினி ஹென்றி 11 மில்லிமீட்டரளவு. 1886இல் பிரெஞ்சுக்காரர் புகையில்லாத வெடிமருந்தைப் படைத்துப்பாக்கியில் புகுத்தினர். அதன் வேகத்தால் சிறிய குண்டே போதுமென்றாயிற்று. இரண்டே ஆண்டுகளில் ஆங்கிலேயர் 303க்கு வந்தனர். குண்டு குறுகுவதும் வேகம் கூடுவதுமே பொதுவான போக்கு. திரும்பிப் பெரிதாவது அபூர்வம். ஆகவேதான் நம் படை பெரியதற்கு மீண்டது விசேஷமாகின்றது.

303 துப்பாக்கியை வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செய்துவந்தது. நல்ல துப்பாக்கி, குறியும் பிழையாது. ஆனால் ஒவ்வொரு முறையும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, இறக்கினால்தான் அடுத்த தோட்டா குழலில் ஏறும். 1962இல் சீனர் வந்தபோது அவர்கள் கையில் தானே நிரப்பிக்கொள்ளும் துப்பாக்கிகள் இருந்தன. அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள், 16,000 அடிக்கும் மேற்பட்ட ரெசாங் லா கணவாயில் குமாவோன் படையின் ஒரு பிரிவு இந்த 303ஐ வைத்துக்கொண்டே கடைசிவரை நின்றது. நூறுக்கு மேற்பட்டோர் அங்கேயே மாண்டனர். அவர்களுடைய வீரத்தைப் பாடுகிறோம். கையிலிருந்ததைப் பற்றிப் பேசக் கூசுகிறோம்.

அதன்பின் படை முழுவதும் பரவியது எஸ்.எல்.ஆர். தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிள் என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரு குண்டு. வெடித்த வாயுவின் ஒரு பகுதியே கூட்டை வெளியே தள்ளி அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். வீரன் இலக்கிலிருந்து கண்ணை எடுக்க வேண்டுவதில்லை. பெல்ஜிய நாட்டு அமைப்பை ஒட்டி இஷாப்பூரில் செய்தனர். விட்டம் 7.62, கூடு 51. நம் பெரியவர் 1971இல் ஏந்தியது இதுவே. "அடித்தால் அடித்ததுதான். எதிரி மண்மூட்டைக்குப் பின்னால் இருந்தாலும் அவனுக்கு நிம்மதியில்லை" என்று இன்றும் சொல்லுகின்றார்.

இந்த 51க்குள்ளும் ஒரு கதை இருக்கின்றது. 1950-களின் தொடக்கத்தில் மேலைநாட்டுக் கூட்டணியினர் தமக்கெல்லாம் பொதுவாக ஒரு தோட்டாவைத் தேடினர். ஆங்கிலேயர் ஆராய்ந்து 7 மில்லிமீட்டரில் ஒரு நடுத்தரத் தோட்டாவும் அதற்கேற்ற துப்பாக்கியும் செய்தனர். 1951 ஏப்ரலில் அட்லி அரசு அதை ஏற்றது. அமெரிக்கர் பெரியதே வேண்டுமென்று பிடிவாதம் பிடிக்க, அவ்வாண்டின் இறுதியில் பதவிக்கு வந்த சர்ச்சில் அரசு தன்னுடையதைக் கைவிட்டது. எல்லாரும் 7.62 × 51ஐ ஏற்றனர். பத்தாண்டு கழிந்ததும், வியட்நாம் காடுகளில் பெரியது சுமையென்று கண்டு அதே அமெரிக்கர் 5.56க்குத் தாவினர். பிறரும் பின்தொடர்ந்தனர். பெரிய வீட்டார் சொல்லுக்கு ஊர் ஆடும் வழக்கம் நம் தெருவில் மட்டும் இல்லை போலும்!

1980-களில் நம் நாட்டாரும் அவ்வழியே போயினர். பூனாவிலுள்ள ஆயுத ஆராய்ச்சிக் கூடம் 5.56இல் இன்சாஸ் என்ற துப்பாக்கிக் குடும்பத்தை வகுத்தது. இதற்கிடையில் 1987 முதல் 1990 வரை இலங்கையில் இருந்த நம் அமைதிப்படையினர் வேறொரு பாடம் கற்றனர். ஒரு மீட்டருக்கும் அதிக நீளமுள்ள எஸ்.எல்.ஆரைத் தாங்கி ஒழுங்கைகளிலும் பனந்தோப்புகளிலும் நடந்தவர்கள், நொடியில் பல குண்டு பொழியும் ஏ.கே. துப்பாக்கிகளை எதிர்கொண்டனர். இருபுறத்திலும் மாண்டவர்களுள் தமிழர் இருந்தனர் என்பதை எழுதும்போது நம் பேனா தயங்குகின்றது. 1990-களின் தொடக்கத்தில் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஏராளமான ஏ.கே. துப்பாக்கிகள் வாங்கப்பட்டன, அவற்றின் தோட்டா 7.62 × 39. பின்னர் இன்சாஸும் வந்து சேர்ந்தது. ஆக, ஒரே சேனையில் மூன்று வகைத் தோட்டாக்கள்.

ரயில்வேக்காரராகிய நமக்கு இது பழகிய துன்பம். 1970-களின் நடுவில் அகலப்பாதை வருமுன், திருவனந்தபுரத்திலிருந்து வடக்கே செல்லும் சரக்கு மீட்டர் கேஜ் வண்டியில் எர்ணாகுளம் வரை போகும். அங்கே கூலியாட்கள் ஒவ்வொரு மூட்டையாக இறக்கி அகலப்பாதை வண்டியில் ஏற்றுவர். மழையில் நனைந்தவை, உடைந்தவை, காணாமற் போனவை என்று புகார்ப் புத்தகம் நிரம்புமாம். ஓய்வுபெற்ற மூத்தோர் சொல்லக் கேட்டிருக்கின்றோம். தண்டவாளத்தின் அகலத்தை ஒருமுறை நிர்ணயித்துவிட்டால் பாலம், பெட்டி, பட்டறை, பிளாட்பாரம் எல்லாம் அதற்கேற்ப அமைந்துவிடுகின்றன. பிறகு மாற்றுவது ஒரு தலைமுறை வேலை. துப்பாக்கியின் விட்டமும் அப்படியே. அதைத் தேர்வு செய்வோர் ஒரு கருவியை மட்டும் தேர்வு செய்யவில்லை; தோட்டா செய்யும் ஆலையையும், கிடங்கையும், மலையேறும் கோவேறு கழுதையின் முதுகுப் பாரத்தையும் சேர்த்தே நிர்ணயிக்கின்றனர்.

1999இல் கார்கில் யுத்தம் வந்தது. பனியில் இன்சாஸ் சிக்கிக்கொண்டதாகவும், அதன் பிளாஸ்டிக் தோட்டாப் பெட்டி குளிரில் விரிசல் கண்டதாகவும் புகார்கள் எழுந்தன. அவற்றைத் திருத்தினர். ஆயினும் ஒருமுறை போன நம்பிக்கை முழுவதும் திரும்பவில்லை. இதிலே ஒரு நியாயம் சொல்ல வேண்டும். பெட்டி உடைந்தது விட்டத்தின் குற்றமன்று. பேச்சளவில் எல்லாம் ஒன்றாகக் கலந்து, சின்னத் தோட்டாவே உதவாது என்று முடிந்தது.

சின்னத் தோட்டாவுக்கு ஆதரவாகச் சொல்லப்பட்ட ஒரு வாதமும் அதற்குக் கேடு செய்தது. எதிரியைக் கொல்லாமல் காயப்படுத்தினால், அவனைத் தூக்க இருவர் வருவர். மூவர் போரிலிருந்து நீங்குவர் என்பது அவ்வாதம். கணக்கன் மூளையில் உதித்த இதை நாம் ஒருபோதும் விரும்பியதில்லை. காஷ்மீரத்துக் காடுகளில் இறுதிவரை போராடும் உறுதியோடு வருபவன், காயம் பட்டாலும் சுட்டுக்கொண்டே இருப்பான். தூக்கவும் எவரும் வாரார். அவனெதிரே நிற்கும் வீரனுக்கு அந்தக் கணக்கு என்ன ஆறுதல் தரும்?

2011ஆம் ஆண்டு சேனையார் ஒரு சாமர்த்தியமான வழியை நினைத்தனர். ஒரே துப்பாக்கி, குழலை மாற்றினால் 5.56, மீண்டும் மாற்றினால் 7.62 × 39. இப்படி 66,000 துப்பாக்கிகளுக்கு உலகெங்கும் டெண்டர் கேட்டனர். காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது. பரீட்சைகள் நடந்தன. கேட்டபடி தேறியது எதுவுமில்லை. 2015இல் டெண்டரையே ரத்து செய்தனர். சமையலறைக்கு ஒன்றும் கழனிக்கு ஒன்றுமாகக் கத்தி வைத்திருக்கும் நம் வீட்டுப் பெண்டிரைக் கேட்டிருந்தால் நாலு வருஷம் மிஞ்சியிருக்கும் என்பது நம் அபிப்பிராயம். சிறியதைத் தேர்ந்ததைவிட, எல்லா இடத்துக்கும் எல்லாருக்கும் ஒன்றையே தேடியதுதான் பெரிய பிழையென்று நமக்குத் தோன்றுகின்றது.

அதன்பின் வழி பிரிந்தது. எல்லையில் முன்னணியில் நிற்கும் காலாட்படையினருக்கு 7.62 × 51 என்று தீர்மானித்து, 2019 பிப்ரவரியில் ஸிக் ஸாவர் நிறுவனத்திடம் 72,400 துப்பாக்கிகளுக்கு ஒப்பந்தம் செய்தனர். விலை சுமார் 700 கோடி ரூபாய். 2024இல் மேலும் 73,000க்கு ஆணை கொடுத்தனர். பிறருக்கு 7.62 × 39இல் ஏ.கே. 203. உத்தரப் பிரதேசத்து அமேதி மாவட்டம் கோர்வாவில் ருஷியக் கூட்டுடன் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டவை செய்ய 2021 டிசம்பரில் உடன்பாடு ஆயிற்று. 1966இல் தோன்றிய நம் திருச்சிராப்பள்ளி ஆயுதத் தொழிற்சாலையும் இந்தப் பெருமையில் பங்குடையது. இன்சாஸ் செய்த அதே கைகள் பின்னர் 7.62 × 39இல் 'திருச்சி' என்ற ஊர்ப் பெயராலேயே ஒரு துப்பாக்கி செய்து துணைப்படையினருக்கும் போலீஸாருக்கும் கொடுத்தன. பொன்மலைப் பட்டறையில் உறவினர் உடைய நம்மவர்க்கு அவ்வட்டாரத்தைச் சொல்லித் தர வேண்டுவதில்லை.

பெரியது ஏன் மீண்டும் வேண்டியதாயிற்று? மலைமுகட்டில் நிற்பவனுக்கும் எதிர்முகட்டில் நிற்பவனுக்கும் நடுவே பள்ளத்தாக்கு கிடக்கின்றது. நானூறு மீட்டருக்குள் 5.56 நன்கு வேலை செய்யும். அதற்கப்பால் இலேசான குண்டு வேகமும் வலிமையும் இழந்து, பக்கக்காற்றில் ஒதுங்கத் தொடங்குகின்றது. 7.62 × 51 அறுநூறு மீட்டருக்கும் பேசும். கற்குவியலும் மண்மூட்டையும் அதற்குப் பெரிய தடையல்ல. மார்புக்கவசம் பெருகிவரும் காலமாதலால் அந்த ஊடுருவும் வலிமைக்கு மதிப்பு கூடிற்று. 5.56ஐ உலகுக்குக் கற்பித்த அமெரிக்கரே 2022இல் தம் காலாட்படைக்கு 6.8 மில்லிமீட்டரில் புதிய துப்பாக்கியைத் தேர்ந்தனர். அன்று ஆங்கிலேயர் சொன்ன 7க்கு அது வெகு அருகில் என்பதைக் கவனிக்க.

இதைப் படித்து நம் இளைஞர் எவரும் விட்டம் பார்த்துத் துப்பாக்கி செய்வித்துக்கொள்ளப் புறப்பட வேண்டா. சில நாடுகளில் குடிமக்கள் பட்டறைக்குப் போய், குழல் இந்த அளவு, கட்டை இந்த மரம் என்று சட்டைக்கு அளவு கொடுப்பதுபோல் சொல்லி வாங்குகின்றனர். நம் நாட்டில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தானே நிரப்பிக்கொள்ளும் ரைபிளுக்கு லைசென்ஸ் கிட்டுவது குதிரைக் கொம்பு. படையின் தோட்டா குடிமக்கள் துப்பாக்கியில் பொருந்தலாகாது என்பதற்காகவே ஆங்கிலேயர் காலத்தில் 315 என்ற தனி விட்டம் ஏற்பட்டது. இன்றும் வடக்கே பண்ணைக்காரர் வீட்டுச் சுவரில் தொங்குவது பெரும்பாலும் அதுவே.

இனி அத்தாயாரின் கேள்வி. அடுத்த ஞாயிறு நாம் சென்று, அறிந்ததைச் சொன்னோம். "அம்மா, அவன் நிற்குமிடத்தில் முகட்டுக்கு முகடு தூரம் அதிகம். அங்கே பெரியதே துணை. நாளை அவனை அடர்ந்த காட்டுக்கோ சந்து வீதிக்கோ மாற்றினால் இதையே பாரம் என்பான். ஆனால் ஒன்று. முன்பு நாலு குண்டு சுட்டிருக்கக்கூடிய எடையில் இப்போது இரண்டே இருக்கின்றன. ஒவ்வொன்றும் இலக்கைத் தொட்டாக வேண்டும். எந்தத் துப்பாக்கி என்று கேட்பதைவிட, அதில் எத்தனை தோட்டா சுட்டுப் பழகியிருக்கிறான் என்று கேளுங்கள்."

அவர் உடனே உள்ளே திரும்பி மகனை அழைத்து அதையே கேட்டார். அவன் சொன்ன எண் பெரியவருக்குத் திருப்தியளிக்கவில்லை. "போதாது" என்றார். "மேலதிகாரியிடம் கேள். பழைய துப்பாக்கியில் கைபழகினவன் இதில் விசையை அழுத்துமுன்பே தோளை இறுக்கிவிடுவான். அந்த இறுக்கத்தில் குண்டு தாழப் போகும். அது போக வேண்டுமானால் சுட்டுச் சுட்டுத்தான் போக வேண்டும்." பேரன் இம்முறை எதிர்வாதம் செய்யவில்லை. தனக்கும் முதல் வாரத்தில் அப்படித்தான் குண்டு தாழ்ந்ததென்று ஒப்புக்கொண்டான்.

விடுமுறை முடிந்து அவன் கேரளா எக்ஸ்பிரஸில் புறப்பட்ட அன்று நமக்குத் தம்பானூர் நிலையத்தில் பகல் வேலை. குடும்பம் முழுவதும் வந்திருந்தது. நேந்திரங்காய் வறுவல் ஒரு டின், முறுக்கு ஒரு டின், பருப்புப்பொடி, எலுமிச்சை ஊறுகாய் எல்லாம் அடங்கிய பையைத் தாயார் நம்மிடம் காட்டி, "எடை அதிகமோ, அண்ணா?" என்றார். தூக்கிப் பார்த்தோம். ஐந்து கிலோவுக்குக் குறையாது. பேரன் சிரித்துக்கொண்டே வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

பெரியவர் அவனருகே சென்று, வலது தோளில் கழுத்தெலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினார். "இங்கேதானே உதைக்கிறது?"

"இல்லை தாத்தா, இன்னும் சற்றுக் கீழே."

"எனக்கும் அங்கேதான்" என்றார் பெரியவர். கார்டு பச்சைக்கொடி காட்ட, வண்டி நகர்ந்தது.